கேம் பெட்டி வாங்குமுன் அதன் ஐந்தொகையைப் பாருங்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வீட்டுக்கு ஒரு கேம் கன்சோல் வாங்குவதென்றால் பேச்சு இரண்டு விஷயத்தில் நின்றுவிடும்: படம் எவ்வளவு தெளிவு, கடைக்காரர் எவ்வளவு குறைப்பார். இரண்டுமே அப்புறம் பார்க்க வேண்டியவை. நாலு வருஷம் கழித்தும் இந்தப் பெட்டிக்குப் புது கேம் வருமா? முதலில் கேட்க வேண்டியது அதுதான். ஓடும் பெட்டி எது, படுக்கும் பெட்டி எது என்று ஓரளவு முன்கூட்டியே கணிக்கலாம். வருஷக் கணக்கு முடிக்கையில் நகரத்தார் சொத்து எவ்வளவு, கடன் எவ்வளவு என்று ஐந்தொகை எடுப்பார்களே, அதுபோலப் பெட்டிக்கும் ஒன்று எடுத்துப் பார்க்க வேண்டும்.

கம்பெனியின் கணக்கு

பெரும்பாலான கன்சோல் கம்பெனிகள் ஆரம்பத்தில் பெட்டியில் லாபம் பார்ப்பதில்லை. 2006-இல் சோனியின் பிளேஸ்டேஷன் 3, சுருக்கமாக பிஎஸ்3-இன் 60 ஜிபி பெட்டி அமெரிக்காவில் 599 டாலர். அதைக் கழற்றிப் பார்த்து, உள்ளே இருக்கும் பாகங்களுக்கும் கோக்கும் கூலிக்குமே 840 டாலர் ஆகும் என்று ஐசப்ளை நிறுவனம் கணக்குச் சொன்னது. ஒவ்வொரு பெட்டிக்கும் 240 டாலர் கைநஷ்டம். அதை ஈடுகட்டுவது கேம். அடுத்தவர் எழுதிய கேம் விற்றாலும் பெட்டிக்காரருக்கு ஒரு பங்கு போகும். ஆன்லைன் கடையில் அது பொதுவாக 30 சதவீதம். பெட்டி முதல், கேம் வட்டி.

இதில் தப்பு எங்கே நடக்கும்? முதல் போடுகிறவர் ஒருவர், வட்டி வாங்குகிறவர் வேறொருவர் என்று ஆகும்போது. 1993-இல் வந்த 3டிஓ அப்படித்தான் படுத்தது. வடிவமைப்பு மட்டும் 3டிஓ கம்பெனியுடையது. பெட்டியைச் செய்து விற்றது பானசோனிக், கோல்ட்ஸ்டார் போன்றவர்கள். கேம் ஒன்றுக்கு 3 டாலர் என்று 3டிஓ கம்பெனி வாங்கிக்கொண்டது. பெட்டி செய்தவர்கள் பெட்டியிலேயே லாபம் வைத்தாக வேண்டும், அதனால் தொடக்க விலையே 699 டாலர். இரண்டு வருஷத்தில் பிளேஸ்டேஷன் 299 டாலருக்கு வந்ததும் கதை முடிந்தது.

ஆகவே கேள்விப்படாத பெயரில் ஒரு பெட்டி மலிவாக வந்தால் முதல் கேள்வி: இதற்குக் கேம் வாங்கினால் பணம் யாருக்குப் போகிறது, அவர் கையில் இன்னும் ஐந்து வருஷம் தாக்குப்பிடிக்கப் பணம் இருக்கிறதா? 2013-இல் 99 டாலருக்கு வந்த ஊயா பெட்டியின் கேம் கடையையும் ஆட்களையும் இரண்டே வருஷத்தில் ரேசர் கம்பெனி வாங்கிக்கொண்டது; 2019-இல் அதன் சர்வரையும் அணைத்துவிட்டார்கள். கூகுள் கையில் பணத்துக்குக் குறைவில்லை, இருந்தும் 2019 நவம்பரில் தொடங்கிய ஸ்டேடியா என்ற இன்டர்நெட் கேம் சேவையை 2023 ஜனவரியில் மூடியது. பணம் இருப்பது வேறு, பொறுத்திருக்க மனசு இருப்பது வேறு.

நம்மூர் டிவிகளில் ஒரு காலத்தில் ஓடிய “99 இன் 1” கேசட் பெட்டிகள் இந்தக் கணக்குக்கே அகப்படாதவை. நின்டெண்டோவின் ஃபாமிகாமை நகலெடுத்த பெட்டிகள் அவை. கேமில் யாருக்கும் பங்கு போகவில்லை, அதற்காகப் புதிதாக யாரும் எழுதவும் இல்லை. அதனால்தான் எத்தனை கேசட் மாற்றினாலும் அதே மாரியோ, அதே கான்ட்ரா.

உங்கள் கணக்கு

இப்போது பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள். பிஎஸ்5 இந்தியாவுக்கு 2021 பிப்ரவரியில் வந்தபோது டிஸ்க் போடும் பெட்டி 49,990 ரூபாய், டிஸ்க் இல்லாத டிஜிட்டல் பெட்டி 39,990. சோனியின் பெரிய கேம் ஒன்று 4,999. வருஷத்துக்கு 4 கேம் என்று 5 வருஷத்துக்கு வைத்தால் 20 கேம், 99,980 ரூபாய். சரியாக இரண்டு பெட்டியின் விலை! கடையில் பெட்டிக்கு ஆயிரம் குறைக்கச் சொல்லி அரைமணி நேரம் மல்லுக்கட்டுகிறோம். பணம் போகும் வாசல் வேறு.

டிஜிட்டல் பெட்டியில் மிச்சமாகும் 10,000-ஐயும் இதே தாளில் எழுதுங்கள். ஆடி முடித்த டிஸ்க்கைப் பாதி விலைக்குக் கைமாற்ற முடிந்தால் நாலே டிஸ்க்கில் அந்தப் பத்தாயிரம் திரும்பிவிடும். பங்காளி வீட்டுப் பையனிடம் மாற்றிக்கொண்டால் அதற்கும் முன்னால். டவுன்லோட் செய்த கேமை யாருக்கும் விற்க முடியாது. எங்கள் கணிப்பில், இரண்டு மூன்று வீட்டுப் பிள்ளைகள் கூடி ஆடும் இடங்களில் டிஸ்க் பெட்டியே லாபம். ஒரே ஒரு ஆன்லைன் கேமையே வருஷம் முழுக்க ஆடும் பையனுக்கு டிஜிட்டல் போதும். ஒரு எச்சரிக்கை: 2020 மாடல் டிஜிட்டல் பெட்டியில் பின்னால் டிஸ்க் டிரைவ் சேர்க்க முடியாது, 2023-இல் வந்த மெலிந்த மாடலில் சேர்க்கலாம், முதல்முறை மாட்டும்போது இன்டர்நெட் வேண்டும்.

பழைய டிஸ்க்கில் கை வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு 2013-ஐப் பாருங்கள். எக்ஸ்பாக்ஸ் ஒன் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இன்டர்நெட்டில் தலைகாட்ட வேண்டும், பழைய கேம் விற்கக் கட்டுப்பாடு உண்டு என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பி, பெட்டி கடைக்கு வருமுன்பே அதைத் திரும்பப் பெற்றார்கள். பெயர் கெட்டது கெட்டதுதான். போதாக்குறைக்குக் கினெக்ட் கேமராவைக் கட்டாயமாகச் சேர்த்து 499 டாலர் வைத்தார்கள், பிஎஸ்4 399. அந்தத் தலைமுறை முழுக்க எக்ஸ்பாக்ஸ் பின்னாலேயே ஓடியது.

கேம் எழுதுகிறவர்கள் எந்தப் பக்கம்?

பெட்டியின் ஆயுளைச் சொல்லும் ஆகச்சிறந்த குறி இது. 1996-இல் வந்த நின்டெண்டோ 64 வேகத்தில் பிளேஸ்டேஷனுக்குக் குறைந்ததல்ல. ஆனால் கேசட்டையே கட்டிக்கொண்டு நின்றது. கேசட்டில் அதிகபட்சம் 64 எம்பி. சிடியில் 650 எம்பி, அடிக்கும் செலவும் சொற்பம். ஸ்கொயர் கம்பெனி ஃபைனல் ஃபேன்டசி 7 கேமை எடுத்துக்கொண்டு சோனியிடம் போய்விட்டது. முடிவில் பிளேஸ்டேஷன் 10 கோடிக்கு மேல், நின்டெண்டோ 64 சுமார் 3.3 கோடி.

சேகா கம்பெனியின் டிரீம்காஸ்ட் பெட்டிக்கு, ஃபிஃபா ஃபுட்பால் கேம் செய்த இஏ கம்பெனி ஒரு கேம்கூடச் செய்யவில்லை. வேறு மூன்று அடிகளும் சேர்ந்து விழுந்தன. அதற்கு முந்தைய சாட்டர்னை 1995-இல் சொல்லாமல் கொள்ளாமல் கடைக்கு இறக்கிக் கடைக்காரர்களின் கோபத்தைச் சம்பாதித்திருந்தது சேகா. டிரீம்காஸ்ட் டிஸ்க்கைச் சாதாரண சிடியில் நகலெடுத்தால், பெட்டியைத் திறக்காமலே அது ஓடியது. எதிரே வந்த பிஎஸ்2-வோ டிவிடியும் போட்டது, பழைய பிளேஸ்டேஷன் கேமையும் ஓட்டியது. வீட்டில் டிவிடி பிளேயர் வாங்கலாமா என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் பிஎஸ்2-வையே வாங்கினார்கள். 2001 மார்ச்சில் டிரீம்காஸ்ட் நின்றது, விற்றது 91 லட்சம். பிஎஸ்2 15 கோடியைத் தாண்டியது.

சோதிக்கும் முறை எளிது. வருஷா வருஷம் வரும் ஃபுட்பால் கேம் ஒன்றை எடுங்கள். இந்த வருஷப் பதிப்பு எந்தெந்தப் பெட்டிக்கு வருகிறது என்று பாருங்கள். நின்டெண்டோவின் வீ பெட்டிக்கு அடுத்து வந்த வீ யூ-வுக்கு ஃபிஃபா 13 வந்தது, ஃபிஃபா 14 வரவில்லை. ஒரே வருஷத்தில் சங்கு ஊதியாகிவிட்டது. அந்தப் பெட்டியைப் பழைய வீ-யோடு சேர்க்கும் துணைக்கருவி என்றே பலர் நினைத்தார்கள். பெயர் வைத்த லட்சணம் அப்படி. வீ 10 கோடி விற்ற இடத்தில் வீ யூ 1.36 கோடி.

இந்தச் சோதனைக்கு ஒரு விலக்கு நின்டெண்டோ ஸ்விட்ச். அதற்கு வந்த ஃபிஃபா பதிப்புகள் அரைகுறைதான். இருந்தும் மாரியோ, செல்டா என்று சொந்தச் சரக்கிலேயே 15 கோடிக்கு மேல் ஓடியது. சொந்தமாக அவ்வளவு சரக்கு உள்ளவர்கள் வேறு யாரும் இல்லை. வேகம், 4கே, டெராஃப்ளாப் பற்றி இங்கே எதுவும் சொல்லாதது மறதியால் அல்ல. எச்டிகூட இல்லாத வீ-தான் பிஎஸ்3-ஐயும் எக்ஸ்பாக்ஸ் 360-ஐயும் விற்பனையில் முந்தியது.

சிங்கப்பூர் அயித்தான் கொண்டுவரும் பெட்டி

செட்டிநாட்டில் பல பெட்டிகள் விமானத்தில் வருபவை. நின்டெண்டோவின் நேரடி விற்பனை இந்தியாவில் இல்லாததால் ஸ்விட்ச்சுக்கு அதுவே வழக்கமான வழி. சிங்கப்பூர், மலேசியப் பெட்டி நம் 230 வோல்ட்டில் அப்படியே ஓடும். மூன்று பட்டைக் கால் ப்ளக்குக்கு அடாப்டர் தேட வேண்டியதில்லை: பிஎஸ்5-இன் வயர் முனை 8 வடிவம், பழைய டேப் ரெக்கார்டர் வயர்தான். எலெக்ட்ரிகல் கடையில் ஐஎஸ்ஐ முத்திரையுள்ள ஒன்றை வாங்கி மாட்டுங்கள்.

பெட்டியின் ஸ்டிக்கரில் 100-240 என்று இருந்தால் கவலையில்லை. ஜப்பானிலிருந்து வந்த பழைய பிஎஸ்2-வில் 100 வோல்ட் மட்டும் இருந்தால், நம் ப்ளக் பாயின்ட்டில் சொருகிய கணமே புகைதான். ஜப்பானில் 2025-இல் 49,980 யென்னுக்கு வந்த ஸ்விட்ச் 2-வை மலிவு என்று வாங்கிவரச் சொல்லாதீர்கள். அதில் ஜப்பானிய மொழி மட்டும்தான், ஜப்பான் ஆன்லைன் கணக்கை மட்டுமே சேர்க்கும். பிஎஸ்5 டிஸ்க் எந்த நாட்டுடையதும் ஓடும். ஆனால் அதற்குக் காசு கொடுத்து வாங்கும் கூடுதல் பகுதிகள் டிஸ்க்கும் கணக்கும் ஒரே பிரதேசமாக இருந்தால்தான் சேரும். வாரன்டியை நம்பாதீர்கள், அது வாங்கிய நாட்டோடு சரி.

வீட்டில் வைக்கும் இடம்

முகப்பில் ரவுட்டர், இரண்டாங்கட்டில் டிவி என்றால் வைஃபை அந்தச் சுவர்களைத் தாண்டாது. கேட்6 லேன் வயர் 100 மீட்டர் வரை தாங்கும். ஆத்தங்குடிக் கல்லையும் முட்டைச் சுண்ணாம்புப் பூச்சையும் துளைக்காமல் உத்தரத்தை ஒட்டி இழுக்கச் சொல்லுங்கள். 100 ஜிபி கேம் ஒன்று 40 எம்பிபிஎஸ் லைனில் இறங்க ஐந்தரை மணி நேரம், 100-இல் இரண்டேகால்.

பிஎஸ்5 ஆடும்போது 200 வாட் அளவுக்கு இழுக்கும். டிவியோடு சேர்த்து 300. சின்ன 600 விஏ யுபிஎஸ் திணறும், 1 கேவிஏ வையுங்கள். வீட்டு இன்வெர்ட்டர் சைன்வேவ் வகை என்றால் பின்னாலுள்ள ஸ்விட்ச்சை யுபிஎஸ் பக்கம் தள்ளுங்கள். மற்றப் பக்கத்தில் கரண்ட் மாறும் இடைவெளி நீளம், பெட்டி அணைந்து எழும். சேமித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் அணைந்தால் ஆடியது போச்சு.

பழைய பெட்டி வாங்கும்போது

பழைய பிஎஸ்5 ஒன்று வாங்குவதாக வைத்துக்கொள்வோம். அவர் டிவியிலேயே ஓட்டிப் பார்க்க விற்பவரிடம் முக்கால் மணி நேரம் கேளுங்கள். முதலில் போன் டார்ச்சை எச்டிஎம்ஐ துளைக்குள் அடியுங்கள். 19 பின்னும் இரண்டு வரிசையாய் நேராக நிற்க வேண்டும். ஒன்று மடங்கியிருந்தாலும் அடுத்த பெட்டியைப் பாருங்கள். பிறகு உங்கள் சொந்தக் கணக்கில் ஆன்லைன் நுழையுங்கள். தடை செய்யப்பட்ட பெட்டி அங்கேயே மாட்டிக்கொள்ளும். பிஎஸ்4 டிஸ்க் ஒன்று, பிஎஸ்5 டிஸ்க் ஒன்று, இரண்டையும் போட்டுப் பாருங்கள். கேம் ஓடும்போது கண்ட்ரோலரை மேசையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். யாரும் தொடாமலே காட்சி நகர்ந்தால் ஸ்டிக் தேய்ந்துவிட்டது, அதற்குத் தனியாக விலை குறைக்கச் சொல்லுங்கள்.

அரைமணி ஓடியபின் ஃபேன் கத்தினால் பெட்டியை அணைத்து, வயரைப் பிடுங்கிவிட்டுப் பக்கவாட்டு வெள்ளை மூடியை மெதுவாக இழுத்துக் கழற்றுங்கள், ஸ்க்ரூ இல்லை. உள்ளே ஓரத்தில் தூசி சேர்வதற்கென்றே துளைகள் விட்டிருக்கிறார்கள். அதில் தூசி மட்டும் இருந்தால் வேக்குவம் கிளீனரைக் குறைந்த வேகத்தில் பிடித்தால் போதும். கரப்பான் எச்சம் தெரிந்தால் என்ன விலை சொன்னாலும் வேண்டாம். அது பவர் சப்ளைக்குள்ளும் குடியிருக்கும்.