நற்கருணைப் பவனியில் முதன்முறையாக நடப்பவர்களுக்கு

வேளாங்கண்ணிக்குக் காவி உடுத்திப் பல நாள் நடந்து சென்றவர்கள்கூட, தங்கள் பங்குக் கோயிலில் நடைபெறும் நற்கருணைப் பவனியில் எப்படி நடந்துகொள்வது என்று தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். தேர்ப்பவனியில் நாம் மாதாவின் சொரூபத்தையோ புனிதரின் சொரூபத்தையோ சுமந்து செல்கிறோம். நற்கருணைப் பவனியிலோ, கதிர்ப்பாத்திரத்தில், அதாவது கதிர்கள் விரிந்த ஏந்துகலத்தில் வைத்த நற்கருணை அப்பத்தில், எழுந்தருளி வருபவர் ஆண்டவரே என்பது நம் விசுவாசம். இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

முதலில் நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். அருட்சகோதரியான புனித ஜூலியானாவின் முயற்சியால் 1246 இல் பெல்ஜியத்தின் லீஜ் மறைமாவட்டத்தில் தொடங்கி, 1264 இல் திருத்தந்தை நான்காம் உர்பானால் திருச்சபை முழுமைக்கும் விரிவாக்கப்பட்ட கிறிஸ்துவின் திருவுடல், திருஇரத்தப் பெருவிழாவன்றுதான் இப்பவனி சிறப்பாக நடைபெறுகிறது. நம் நாட்டில் இது மூவொரு கடவுள் பெருவிழாவுக்கு அடுத்த ஞாயிறன்று வரும். 2026 இல் அந்த நாள் ஜூன் 7.

அடுத்தது தயாரிப்பு. முந்தைய நாள்களிலேயே குருவிடம் பாவங்களை அறிக்கையிட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்துவிடுங்கள். பவனி புறப்படும் நேரத்தில் தெருமுனையில் வந்து சேர்ந்துகொள்ளலாம் என்று எண்ணாமல், அதற்கு முன் நடைபெறும் திருப்பலிக்கே வந்துவிடுங்கள். ஏனெனில், கதிர்ப்பாத்திரத்தில் வைக்கப்படும் அப்பம் அத்திருப்பலியிலேயே எழுந்தேற்றம் செய்யப்படுவது, அதாவது குருவின் செபத்தால் ஆண்டவரின் உடலாக ஆக்கப்படுவது, வழக்கம்; ஆகவே பவனி என்பது அந்தப் பலியின் தொடர்ச்சியே. நன்மை வாங்குவதற்கு, அதாவது நற்கருணை உட்கொள்வதற்கு, முந்தைய ஒரு மணி நேரம் உணவு கூடாது, தண்ணீருக்குத் தடையில்லை. ஜூன் மாத வெயிலில் வயதானவர்கள் தண்ணீரைத் தவிர்க்க வேண்டாம். வெறுங்காலுடன்தான் நடக்க வேண்டும் என்ற விதியும் இல்லை.

வரிசையில் சிலுவையும் மெழுகுதிரிகளும் முன்னே செல்லும். அவற்றை அடுத்துப் புதுநன்மை வாங்கிய குழந்தைகள், பக்த சபையினர், அருட்சகோதரிகள் ஆகியோர் செல்வது பல பங்குகளின் வழக்கம். தூபம் காட்டும் பீடச்சிறுவர்களுக்குப் பின், கோல்களில் தாங்கிய துணி விதானத்தின்கீழ் குருவானவர் கதிர்ப்பாத்திரத்தை ஏந்தி வருவார். புதிதாக வருபவர்கள் விதானத்துக்குப் பின்னால் வரும் மக்களோடு நடப்பது நல்லது, ஏனெனில் அங்கிருந்து கண்ணும் மனமும் எளிதில் ஆண்டவர்மீது நிற்கும்.

நடக்கும்போதுதான் மிகுந்த கவனம் தேவை. விதானம் செல்லும் வேகமே உங்கள் வேகம். பாடல் ஒலிக்கும்போது சேர்ந்து பாடுங்கள். பாடல் நின்றதும் அருகில் இருப்பவரிடம் பேசத் தொடங்காமல் அந்த மௌனத்தை அப்படியே காத்துக்கொள்ளுங்கள். கைபேசியைப் பையில் வைத்துவிடுங்கள், படம் எடுக்கும் அந்த நொடியில் நம் கவனம் ஆராதனையிலிருந்து விலகிவிடுகிறது. அன்பியத்தினர் (பங்கின் அக்கம்பக்கக் குடும்பக் குழுவினர்) வெள்ளைத் துணி விரித்து, பூக்களால் அலங்கரித்த மேசைகளுக்கு முன் பவனி நிற்கும்போது முழந்தாளிட வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் நின்றபடியே கைகூப்பி ஆழ்ந்து வணங்கலாம். எங்கள் தெருவில் ஒருமுறை, எழுந்து நடக்க இயலாத ஒரு பெரியவரை வீட்டார் நாற்காலியோடு வாசலுக்குத் தூக்கி வந்து அமர்த்தினார்கள். கோயிலுக்கு வர முடியாத அவருடைய வாசலுக்கு ஆண்டவரே வந்து நின்றதைப் பார்த்த அன்றுதான், நற்கருணையைத் தெருவுக்கு எடுத்து வருவது ஏன் என்பது எனக்குப் புரிந்தது. ஆகவே, வீடுகளைக் கடக்கும்போது உள்ளே படுத்திருப்பவர்களுக்காகவும் செபியுங்கள்.

பிற சபையினரும் பிற சமயத்தினரும் தாராளமாகக் கூட நடக்கலாம். நன்மை வாங்குவது மட்டுமே அவர்களுக்கு இல்லை.

கோயில் வாசலை அடைந்ததும் பலர் கலைந்துவிடுகிறார்கள். அது பெரும் இழப்பு. குருவானவர் தோளில் போர்த்திய துகிலால் தம் கைகளை மூடிக் கதிர்ப்பாத்திரத்தை உயர்த்துவார். அந்த ஆசீர் தம்முடையதன்று, ஆண்டவருடையது என்பதையே அவ்வாறு காட்டுகிறார். அப்போது முழந்தாளிட்டு, சிலுவை அடையாளம் வரைந்து அதைப் பெற்றுக்கொள்ளுங்கள். பக்தியோடு இப்பவனியில் பங்கேற்பவர்களுக்குத் திருச்சபை பரிபூரணப் பலனை, அதாவது மன்னிக்கப்பட்ட பாவங்களுக்குரிய தண்டனையிலிருந்து முழு விடுதலையை, வழங்குகிறது; பாவசங்கீர்த்தனம் செய்து, நன்மை வாங்கி, எந்தப் பாவத்தின்மீதும் பற்றில்லாத மனத்தோடு, திருத்தந்தையின் கருத்துகளுக்காகவும் செபிக்க வேண்டும் என்பன அதற்கான நிபந்தனைகள். எனவே, நற்கருணை பேழையில் வைக்கப்பட்ட பின்னும் சற்று இருந்து, அக்கருத்துகளுக்காக ஒரு கர்த்தர் கற்பித்த செபமும் ஒரு மங்கள வார்த்தை செபமும் சொல்லிவிட்டு வீடு திரும்புங்கள்.