வட சென்னைப் பள்ளி மாடியில் சோலார்: எங்கே தவறு நடக்கிறது?

பள்ளிக்கு சோலார் போடலாம் என்று பேச்சு எழுந்ததும் முதலில் மேசைக்கு வருவது கொட்டேஷன்தான். கிலோவாட், விலை, 25 வருட வாரண்டி எல்லாம் அதில் இருக்கும். அந்த மாடி எப்படிப்பட்டது, அங்கே அடிக்கும் காற்றில் என்ன கலந்து வருகிறது என்பது மட்டும் இருக்காது. வட சென்னையில் பெரும்பாலான தவறுகள் இங்கேதான் தொடங்குகின்றன.

முதலில் சாம்பல். அத்திப்பட்டு, வல்லூர் அனல்மின் நிலையங்கள், மணலி ஆலைகள், துறைமுகத்துக்கு வரிசை கட்டும் கன்டெய்னர் லாரிகள் எல்லாம் சேர்ந்து எண்ணூரிலும் எர்ணாவூரிலும் ஜன்னல் கம்பியைத் தொட்டாலே விரலைக் கறுக்க வைக்கின்றன. அதே தூசிதான் பேனல் மேலும் படிகிறது. "மழை வந்தா கழுவிடும் சார்" என்று விற்க வருபவர் சொல்வார். அதை நம்புவதுதான் இந்தப் பக்கத்தின் பெரிய தவறு.

சென்னை 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. பேனலைத் தெற்கு நோக்கி 10 முதல் 15 டிகிரி வரை சாய்த்தால் போதும். இவ்வளவு குறைந்த சாய்வில், இரவுப் பனியில் கரைந்த சாம்பல் முழுதாக வழிந்து போகாது. கீழ் விளிம்பில் அலுமினியச் சட்டத்தை ஒட்டித் தேங்கிக் காய்ந்துவிடும். கிட்டே போய்ப் பாருங்கள். மேலே கண்ணாடி ஓரளவு பளிச்சென்று இருக்கும். கீழே விரல் அகலத்துக்கு ஒரு சாம்பல் பட்டை, நகத்தால் சுரண்டினாலும் வராமல் இறுகிக் கிடக்கும். விரல் அகலம்தானே என்று விட்டுவிடக் கூடாது. உள்ளே இருக்கும் செல்கள் ஒன்றோடு ஒன்று தொடராக இணைக்கப்பட்டவை. ஒரு செல் மறைந்தாலும் அந்தத் தொடர் முழுவதும் மின்னோட்டம் குறையும். ஆகவே இழப்பு அழுக்கின் அளவைவிடப் பல மடங்கு. தண்ணீர்த் தொட்டி, கொடிக்கம்பம், பக்கத்து அடுக்குமாடி ஆகியவற்றின் நிழலும் இதையேதான் செய்யும். நிழலை மே மாதத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சூரியன் தெற்கே சாயும் டிசம்பரில்தான் அது நீளமாக விழும்.

மழையில்லாத மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது கழுவ வேண்டும் என்பது என் கருத்து. காலை வெயில் ஏறும் முன்னே கழுவிவிடுங்கள். சுட்டுக் கிடக்கும் கண்ணாடியில் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் விரிசல் விடலாம். உப்புத் தண்ணீர் வரும் போர்வெல் என்றால் அதில் கழுவாதீர்கள். காய்ந்ததும் வெள்ளைக் கறை படியும், அதை எடுப்பது சாம்பலை எடுப்பதைவிடக் கஷ்டம். மெட்ரோ தண்ணீர் கிடைத்தால் நல்லது. கழுவும் செலவை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். பிள்ளைகளை மாடியேற்றித் துடைக்கச் சொல்வது மட்டும் கூடவே கூடாது. வெயில் இருக்கும் வரை பேனலை யாராலும் அணைக்க முடியாது. அந்த ஒயர்களில் பல நூறு வோல்ட் டி.சி. ஓடிக்கொண்டே இருக்கும். மாடிக் கதவுக்குப் பூட்டு வேண்டும், சாவி ஒரே ஆளிடம் இருக்க வேண்டும்.

அடுத்தது உப்புக் காற்று. காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் சாதாரண இரும்பில் பெயின்ட் அடித்து ஸ்டாண்ட் போட்டால் துரு போல்ட்டில்தான் ஆரம்பிக்கும். நன்றாக கால்வனைஸ் செய்த (துத்தநாகம் பூசிய) சட்டம், துருப்பிடிக்காத எஃகு போல்ட், உப்புக் காற்றுச் சோதனை முடித்த பேனல், மூன்றையும் கேட்டு வாங்குங்கள். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்த அடி எல்லோருக்கும் நினைவிருக்கும். சென்னைக்கு இந்தியத் தரநிலை சொல்லும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். ஸ்டாண்ட் அதைத் தாங்கும் என்று எழுத்தில் வாங்குங்கள். பழைய கட்டடம் என்றால் தளம் எடையைத் தாங்குமா என்று பொறியாளரை விட்டுப் பார்க்காமல் துளை போட விடாதீர்கள். பேனல் தரும் டி.சி. மின்சாரத்தை விளக்கும் மின்விசிறியும் ஓடும் ஏ.சி.யாக மாற்றும் இன்வெர்ட்டரைத் தரைத்தளத்தில் மாட்டுவதும் வேண்டாம். 2023 மிக்ஜாம் புயல் வெள்ளம் வந்த ஊர் இது.

சரி, எத்தனை கிலோவாட்? மாடி எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவும் போடுவது தவறு. 20 வகுப்பறை, அறைக்கு நான்கு 75 வாட் மின்விசிறி, இரண்டு 20 வாட் எல்.இ.டி. விளக்கு என்று வையுங்கள். மொத்தம் 6.8 கிலோவாட், ஆறு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 40 யூனிட். ஒரு கிலோவாட் பேனல் இங்கே சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும், ஆக 10 கிலோவாட் தேவை. மின்விசிறிகளை மட்டும் மின்சாரம் குறைவாக இழுக்கும் 30 வாட் பி.எல்.டி.சி. வகைக்கு மாற்றிவிட்டால் சுமை 3.2 கிலோவாட்டுக்கு இறங்கும். 5 கிலோவாட்டே போதும். முதலில் மின்விசிறியை மாற்றுங்கள், அப்புறம் பேனல் வாங்கலாம்.

மே விடுமுறையில் வெயில் கொளுத்தும், பள்ளி பூட்டியிருக்கும். உபரி மின்சாரம் கிரிட்டுக்கு, அதாவது ஈ.பி.யின் பொது மின்கம்பிகளுக்குப் போகும். வீடுகளுக்கான பில் கணக்கே பள்ளிக்கும் என்று நினைத்துக்கொண்டு வரவைக் கூட்டாதீர்கள். கட்டணப் பிரிவு வேறு, உபரிக்குக் கிடைக்கும் விலையும் வேறு. உங்கள் பகுதி ஈ.பி. அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் வாங்கிய பிறகே எத்தனை வருடத்தில் போட்ட பணம் திரும்பும் என்று பாருங்கள். மாடி சோலாருக்கு மத்திய அரசு தரும் பி.எம். சூரிய கர் மானியமும் வீடுகளுக்குத்தான், பள்ளிக்கு வராது.

கரன்ட் போனாலும் சோலார் ஓடும் என்று பெற்றோரிடம் சொல்லிவிடாதீர்கள். பேட்டரி இல்லாத கிரிட் இணைப்பு இன்வெர்ட்டர், மின்வெட்டு வந்ததும் தானே நின்றுவிடும். பள்ளியின் மின்சாரம் வெளிக் கம்பியில் ஏறிவிடாமல், கம்பத்தில் வேலை பார்க்கும் லைன்மேன் உயிருக்காக வைத்த ஏற்பாடு அது. பொதுத் தேர்வு அறைகளுக்கு அவசியம் என்றால் அந்த அளவுக்கு மட்டும் பேட்டரி வையுங்கள்.

கடைசியாக ஒன்று, அரசுப் பள்ளிகளில் அடிக்கடி நடப்பது. உற்பத்தியைக் காட்டும் ஆப் தலைமையாசிரியரின் சொந்த போனில் இருக்கும். அவர் மாற்றலாகிப் போனதும் பாஸ்வேர்டும் போய்விடும். பாதி பேனல் நின்றாலும் பில் வரும் வரை யாருக்கும் தெரியாது. கணக்கைப் பள்ளியின் மின்னஞ்சலில் தொடங்குங்கள். வாரண்டி அட்டை, ஒயரிங் வரைபடம், பேனல் சீரியல் எண்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு, பொறுப்பு ஒப்படைக்கும் பட்டியலில் பீரோ சாவியோடு அந்தக் கோப்பையும் சேர்த்துவிடுங்கள்.