நம்ம ரப்பர் தோட்டத்துப் பேச்செல்லாம் எங்கேருந்து வந்துச்சுன்னு எப்படி கண்டுபிடிக்கிறது

மலேசியாவுல சுங்கை சிப்புட்ல லோரி பின்னால வந்தா யாராச்சும் கையத் தட்டிக்கிட்டு "கோஸ்தான், கோஸ்தான்"னு கத்துவாங்க, சின்ன வயசுல நான் அத மலாய்னு நெனச்சேன், என் மலாய்க்காரக் கூட்டாளி தமிழ்னு நெனச்சிருக்கான். ரெண்டுமே இல்ல. கப்பல பின்பக்கமா ஓட்டச் சொல்ற இங்கிலீஷ் ஆர்டர் 'கோ அஸ்டர்ன்', அதுதான் கரையேறி லோரிக்கு வந்துடுச்சு, இப்ப பேச்சு மாறுறவனயும் "கோஸ்தான் அடிக்கிறான்"னு சொல்றோம். இந்த மாதிரி ஒரு சொல்லப் பிடிச்சிக்கிட்டு அது வந்த வழிய தேடணும்னா நான் செய்யிறத சொல்றேன்.

மொதல்ல வார்த்தைய மட்டும் தனியா எழுதாதீங்க. யாரு, யாருகிட்ட, என்ன வேலை நடுவுல சொன்னாங்கன்னு வாக்கியமாவே எழுதுங்க, இது ரொம்ப முக்கியம். எங்க பாட்டி லேட்டா எழுந்திரிக்கிறவங்கள "பெரட்டுக்கு நேரமாச்சு"ன்னு எழுப்புவாங்க. பெரட்டுன்னு மட்டும் எழுதி வெச்சா புரட்டிப் போடுறதுன்னுதான் தோணும், ஆனா விடியிறதுக்கு முன்ன தோட்டத்துல எல்லாரும் வரிசையா நிக்க, பேரு கூப்பிட்டு வேலை பிரிச்சிக் குடுப்பாங்களே அந்தக் காட்சி கண்ணுக்கு வந்துச்சுன்னா அது 'பரேட்'னு தானா புரிஞ்சிடும்.

அடுத்தது சத்தம். நம்ம வாய்ல ஏறும்போது கடைசி எழுத்து அடிக்கடி விழுந்துடும், உயிரெழுத்தும் மாறும். ரப்பருக்கு மலாய்ல சொல்ற கெத்தாஹ் கித்தா ஆச்சு, ரப்பர் பால் பிடிக்கிற கிண்ணம் மங்கோக் மங்கு ஆச்சு, தோள்ல கம்பு வெச்சு ரெண்டு பக்கமும் வாளி தொங்கவிட்டு பால் தூக்குன காண்டாவும் மலாய் கண்டார்தான், பினாங்குல அதே மாதிரி தூக்கிட்டுப் போய் வித்த சோறுதான் நாசி கண்டார். ஆனா சத்தம் ஒத்துப் போனா மட்டும் நம்பிடாதீங்க. வேலைய மேற்பார்வை பாக்குறவர சொல்ற மண்டோர்ங்கிறது மண்டைலேருந்து வந்ததுன்னு நானே ரொம்ப நாள் நெனச்சேன், தேடிப் பார்த்தா போர்த்துகீசு மந்தாதோர், கட்டளை போடுறவன்னு அர்த்தம்.

ரெண்டு திசையிலயும் தேடுங்க, பெரும்பாலும் இத யாரும் செய்யிறதில்ல. "மோடால் போட்டு கடை தொறந்தான்"னு நாம மலாய் வார்த்தை மாதிரி சொல்றோமே, அந்த மோடாலே நம்ம 'முதல்'தான், மலாய்க்குப் போய் அங்கேருந்து நம்மகிட்டயே திரும்பி வந்திருக்கு. கெடாய் நம்ம கடை, காத்தில் நம்ம கட்டில். எனக்கு இதுல இருக்கிற சந்தோஷம் வேற எதுலயும் இல்ல.

அகராதின்னா மலாய்க்கு 1970ல முதல்ல வந்த காமூஸ் டேவான், தமிழுக்கு சென்னைப் பல்கலைக்கழகத்தோட தமிழ் லெக்சிகன், இங்கிலீஷ் கலந்ததுக்கு 1886ல வந்த ஹாப்சன் ஜாப்சன், மூணையும் நெட்லயே பார்க்கலாம்.

ஆனா அகராதிக்கு முன்ன பெரியவங்ககிட்ட போங்க. ரப்பர் போய் செம்பனை வந்தப்புறம் மங்கையும் காண்டாவையும் கையால தொட்டவங்க கொறஞ்சிக்கிட்டே வர்றாங்க. "தாத்தா, இதுக்கு என்ன அர்த்தம்"னு கேட்டா ஒரே வார்த்தைல முடிச்சிடுவாங்க, "யாரு உங்கள அப்படிக் கூப்பிட்டாங்க, அப்ப நீங்க என்ன வேலை செஞ்சிக்கிட்டிருந்தீங்க"ன்னு கேளுங்க, பசியாறிக்கிட்டே பேசுனா இன்னும் நல்லா வரும், போன்ல பதிவு பண்ணலாமான்னு மறக்காம கேட்டுட்டு பண்ணுங்க.

பழகிப் பார்க்க ஒண்ணு வேணும்னா டவுன் கடைங்க முன்னால இருக்கிற அஞ்சடிய எடுத்துக்குங்க. 1822ல இங்கிலீஷ் அதிகாரி ராஃபிள்ஸ் சிங்கப்பூர் கடைங்களுக்கு முன்னால கூரை போட்ட நடைபாதை விடணும்னு உத்தரவு போட்டாரு, அந்த நடைபாதைதான் இங்கிலீஷ்ல 'ஃபைவ் ஃபுட் வே', மலாய்ல காக்கி லிமா. டேப் எடுத்துட்டுப் போய் அளந்து பாருங்க, சில கடைல அஞ்சு அடிக்கு மேலயே இருக்கும்.