விமான விபத்து அறிக்கை கேட்டு மனு எழுதுவது எப்படி

எங்கள் கம்மவான்பேட்டையில் வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர்தான். ராணுவ விமான விபத்து பற்றித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு எழுதித் தரச்சொல்லி வருபவர்களிடம் முதலில் சொல்வேன்: "விமானம் ஏன் விழுந்தது?" என்று கேட்காதீங்க. "கோர்ட் ஆஃப் என்கொயரி (படையின் உள் விசாரணை) அறிக்கையின் நகல்" என்று ஆவணத்தைக் கேளுங்க. 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர் போதும்.

நாட்டுப் பாதுகாப்பு என்று அந்தச் சட்டத்தின் பிரிவு 8-ஐக் காட்டிக் கையை விரிப்பார்கள். அதனால், "ரகசியப் பகுதியை அடித்துவிட்டு, பிரிவு 10-ன்படி மிச்சத்தைத் தரவும்" என்று முதல் மனுவிலேயே ஒரு வரி சேருங்க. மறுத்தால் 30 நாளுக்குள் மேல்முறையீடு.

நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கைகளையும் புரட்டுங்க. 2021 குன்னூர் ஹெலிகாப்டர் விபத்துக்கு வானிலை திடீரென மாறியதைக் காரணமாக 2022-ல் விமானப்படை சொன்னது. 2024-ல் நிலைக்குழு அறிக்கையில் 'மனிதத் தவறு' என்று வந்தது. இரண்டையும் மனுவோடு இணையுங்க.

பதில் வந்த உறையைக் கிழித்து எறியாதீங்க. கெடு தகராறு வந்தால் தபால் முத்திரைதான் சாட்சி.