இரண்டு கொப்பிகளையும் ஒரே பையில் வையுங்கள்

2017ஆம் ஆண்டு, மாமாங்கத் தீர்த்தத்துக்கு முந்திய வாரம். தையல் வேலை குவிந்து கிடந்த நேரத்தில் மெஷினின் பெடலை என்னால் மிதிக்க முடியாமல் போனது. தொடை இரண்டும் அடித்துப் போட்டது போல வலித்தன. நாற்காலியிலிருந்து எழும்புவதற்குக் கையை ஊன்ற வேண்டியிருந்தது. இரண்டு நாள் கழித்துச் சிறுநீர் பிளேன்டீ நிறத்தில் போனது. வெயில், வேலைக் களைப்பு என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

நல்ல காலமாக, அதே வாரத்தில் எனக்கு எச்.ஐ.வி. கிளினிக் நாள் வந்தது. “வேறு ஏதாவது குளிசை போடுகிறீர்களா, அம்மா?” என்று டாக்டர் கேட்டார். பையிலிருந்த சிறிய கடதாசி உறையை எடுத்து நீட்டினேன். அதில் இருந்தது சிம்வஸ்டாட்டின். கொலஸ்ட்ரோல் கூடியிருக்கிறது என்று தனியார் மருத்துவர் ஒருவர் எழுதிக் கொடுத்தது. எனக்கு எச்.ஐ.வி. இருப்பதை அவரிடம் நான் சொல்லியிருக்கவில்லை. அந்த நாட்களில் எச்.ஐ.வி.க்கு நான் போட்டது லோபினாவிரும் ரிட்டோனாவிரும் சேர்ந்த குளிசை. ரிட்டோனாவிர், மற்ற மருந்துகளை உடைத்து வெளியேற்றும் ஈரலின் வேலையைத் தடுத்துவிடும். சிம்வஸ்டாட்டின் இரத்தத்தில் பல மடங்கு தேங்கும். அப்படித் தேங்கினால் தசை சிதையும். சிதைந்த தசை சிறுநீரகத்தையும் கெடுக்கும். டாக்டர் அந்த உறையைத் தன் மேசை லாச்சியில் போட்டுப் பூட்டிவிட்டு, உடனே என்னை இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார்.

எழுதிக் கொடுத்தவர் மீது குறை சொல்ல எனக்கு மனமில்லை. தெரிந்த தகவலை வைத்துச் சரியாகத்தான் எழுதினார். மற்றதை அவருக்குத் தெரியாமல் செய்தவள் நான். மட்டக்களப்பு வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரையில் நான் இருக்கும் ஊரின் பெயரை இங்கேயும் எழுதவில்லை. ஏன் என்று இதை வாசிப்பவர்களுக்கு விளங்கும். ஊரிடம் மறைப்பது நம்முடைய உரிமை. இதயத்துக்கும் பிரஷருக்கும் மருந்து எழுதுகிறவரிடம் மறைப்பது மட்டும் கூடாது. இதயத்தைக் காப்பது பற்றி நான் சொல்லப்போகும் எல்லாமும் இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகின்றன.

சொல்வதற்கு வழி இருக்கிறது. உங்கள் எச்.ஐ.வி. கிளினிக்கின் டாக்டரிடம், நீங்கள் போடும் மருந்துகளின் பெயரும் அளவும் எழுதிய கடிதம் ஒன்றை, ஒட்டிய உறையில் கேட்டு வாங்குங்கள். மற்ற வைத்தியரின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திய பிறகு அவர் கையிலேயே கொடுங்கள். வெளியில் துண்டு எழுதுபவரிடமோ வரிசையில் நிற்கும்போதோ வாய் திறக்கத் தேவையில்லை. பார்மசியில் மச்சாள் முறையான ஒருத்தி வேலை செய்தாலும் பயமில்லை: நோயின் பெயரைச் சொல்லாமல், “இந்த மருந்தோடு இது ஒத்துப்போகுமா?” என்று மருந்தின் பெயரை மட்டும் காட்டிக் கேட்கலாம். அதற்கும் மனம் வராவிட்டால், புதிய குளிசை எதையும் வாயில் போடுமுன் உங்கள் கிளினிக்குக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுங்கள்.

என்னிடம் இரண்டு கிளினிக் கொப்பிகள் உண்டு: எச்.ஐ.வி.க்கு ஒன்று, பிரஷருக்கு ஒன்று. முன்பு ஒன்றை அரிசி வாளிக்குள்ளும் மற்றதை அலுமாரியிலும் வைத்திருந்தேன். இப்போது இரண்டும் ஒரே பையில் இருக்கின்றன. பிரஷர் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எல்லா மருந்துகளையும் பென்சிலால் எழுதியிருக்கிறேன். மாறும்போது அழித்து எழுதலாம்.

நமக்கு ஏன் இந்தக் கவனம் தேவை என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் வரும் ஆபத்து மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. மருந்தால் வைரஸ் அடங்கியிருந்தாலும் உடலின் எதிர்ப்புச் சக்தி முழுதாகத் தூங்குவதில்லை. உள்ளே மெல்லிய அழற்சி ஒன்று கனன்றுகொண்டே இருக்கும். அது இரத்தக் குழாயின் உட்சுவரைப் புண்ணாக்கும். அந்த இடத்தில் கொழுப்புப் படியும். இதைக் கேட்டுவிட்டு, “மருந்தால்தானே இந்த வில்லங்கம்” என்று குளிசையை நிறுத்தியவர்களைக் கண்டிருக்கிறேன். அது மிகப் பிழை. மருந்தை இடையிடையே நிறுத்தியவர்களுக்கு மரணமும் இதய நோயும் கூடுதலாக வந்தன என்று 2006இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று காட்டியது. இதயத்துக்கு நீங்கள் செய்யக்கூடிய முதல் வேலை, எச்.ஐ.வி. குளிசையை ஒரு நாளும் தவறாமல் போடுவதுதான்.

அடுத்தது, டாக்டரிடம் நீங்களாகவே கேட்க வேண்டிய ஒரு கேள்வி: “எனக்கு ஸ்டாட்டின் தேவையா?” ஸ்டாட்டின் என்பது கொலஸ்ட்ரோலைக் குறைக்கும் குளிசை வகை. கொலஸ்ட்ரோல் அறிக்கை நல்லதாக இருந்தாலும் கேளுங்கள். 12 நாடுகளில் 40 முதல் 75 வயது வரையான 7,769 எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2023இல் வந்தது. அவர்கள் இதய நோய் ஆபத்து அதிகம் என்று கணிக்கப்பட்டவர்கள் அல்லர். பிட்டவஸ்டாட்டின் 4 மில்லிகிராம் தினமும் போட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 35 சதவீதம் குறைந்திருந்தன. அந்தக் குளிசை கிடைக்காத இடத்தில் அட்டோர்வஸ்டாட்டின் அல்லது ரொசுவஸ்டாட்டின் கொடுக்கலாம். அளவை, நீங்கள் போடும் எச்.ஐ.வி. மருந்தைப் பார்த்து டாக்டர் தீர்மானிப்பார். சிம்வஸ்டாட்டினால் பட்ட பாட்டுக்குப் பிறகு நான் ஸ்டாட்டின் என்ற சொல்லுக்கே பயந்திருந்தேன். டாக்டர் பொறுமையாக விளக்கிய பிறகு அட்டோர்வஸ்டாட்டினுக்குச் சம்மதித்தேன். ஆறு வருடமாகப் போடுகிறேன், தொடை வலிக்கவில்லை.

இன்னும் சில பொருத்தங்களைக் குறித்து வையுங்கள். டொலுடெக்ராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்தைப் போடுபவர்கள், நெஞ்செரிவுக்கான அலுமினியம், மக்னீசியம் கலந்த மருந்தைச் சேர்த்துக் குடித்தால் டொலுடெக்ராவிர் உடலில் சரியாகச் சேராது. நெஞ்செரிவு மருந்தைக் குடிப்பதற்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்னரோ, குடித்து ஆறு மணி நேரத்துக்குப் பின்னரோ டொலுடெக்ராவிரைப் போட வேண்டும். சீனி வருத்தத்துக்கு மெட்போமின் போடுபவர்களுக்கு டொலுடெக்ராவிரோடு அதன் அளவு பொதுவாக ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. ரிட்டோனாவிர் போடுபவர்களுக்கு, பிரஷர் மருந்தான அம்லோடிபின் இரத்தத்தில் கூடுதலாக ஏறிக் கால் வீங்கலாம். அபகாவிர் என்ற எச்.ஐ.வி. மருந்தைப் போடுபவருக்கு இதய ஆபத்து ஏற்கெனவே இருந்தால், மாற்றலாமா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும். டைக்ளோபெனாக் போன்ற வலிக் குளிசைகளைக் கடையில் வாங்கி விழுங்கும் பழக்கத்தை விடுங்கள். அவை பிரஷரைக் கூட்டும், மாரடைப்பின் ஆபத்தைக் கூட்டும், டெனோபோவிர் என்ற எச்.ஐ.வி. மருந்தைப் போடுபவரின் சிறுநீரகத்தையும் வருத்தும். குனிந்து தைப்பவளுக்கு முதுகுவலி தீராது. நான் பரசிட்டமோலோடும் சுடுநீர் ஒத்தடத்தோடும் சமாளிக்கிறேன்.

இனி என் தொழிலின் கருவி: அளவு நாடா. நிறை பார்க்கும் மெஷின் எல்லா வீட்டிலும் இல்லை, நாடா இருக்கும். சட்டைக்கு அளவெடுப்பது போலத் துணிக்கு மேலாக எடுக்க வேண்டாம். விலாவின் கடைசி எலும்பையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் விரலால் தேடிப் பிடியுங்கள். இரண்டுக்கும் நடுவில் நாடாவைச் சுற்றுங்கள்; முதுகுப் பக்கம் கீழே சரிந்திருக்கிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். மூச்சை விட்டு, வயிற்றை உள்ளே இழுக்காமல் படியுங்கள். நம் நாட்டுப் பெண்களுக்கு 80 சென்ரிமீட்டர், ஆண்களுக்கு 90 சென்ரிமீட்டர் எல்லை. என் நாடாவின் அங்குலப் பக்கத்தில் 31½, 35½.

2021இல் என்னை டொலுடெக்ராவிருக்கு மாற்றினார்கள். நல்ல மருந்து, வைரஸ் அடங்கியிருக்கிறது. ஆனால் சிலருக்கு நிறை ஏறும், எனக்கும் ஏறியது. ஒன்றரை வருடத்தில் என் சட்டைகளின் பக்கத் தையலை இரண்டு முறை பிரித்துவிட்டேன். மூன்றாம் முறை பிரிக்க உள்ளே துணி மிஞ்சவில்லை. அன்று இரவு நாடாவை எடுத்தேன்: 36 அங்குலம். இன்று 33. மருந்தை நிறுத்தாமல், சோற்றையும் நடையையும் மாற்றித்தான் இறக்கினேன்.

சோற்றுக் கோப்பையில் பாதியை மரக்கறிக்கும் இலைக்கும் கொடுத்தேன். பொன்னாங்காணிச் சுண்டல், முருங்கை இலை, வல்லாரை எல்லாம் நம் வேலியிலும் சந்தையிலும் மலிவாகக் கிடைப்பவை. சோறு கால் கோப்பை, சிவப்பரிசி. மீதிக் காலில் மீனும் பருப்பும். வாவி மீனைப் பொரிக்காமல் ஆணமாக வைப்பேன். முதற்பாலை விட்டுவிட்டு இரண்டாம் பாலில் கொதிக்கவிடுவேன். எனக்குக் கடினமாக இருந்தது கருவாடு. உப்பு ஒரு நாளைக்கு எல்லாவற்றிலும் சேர்த்து ஒரு தேக்கரண்டி, அதாவது 5 கிராமுக்குள் இருக்க வேண்டும். ஒரு கருவாட்டுக் கறியே அதில் பெரும் பங்கை விழுங்கிவிடும். இப்போது மாதத்தில் ஒரு நாள் சமைக்கிறேன். சுடுநீரில் ஊறவைத்து இரண்டு தண்ணீர் மாற்றிய பிறகுதான். தேநீரில் சீனியை மூன்று கரண்டியிலிருந்து அரைக்குக் கொண்டுவர நான்கு மாதம் பிடித்தது. குளிர்பானப் போத்தலில் சிவப்பு வட்டம் இருந்தால் வாங்க வேண்டாம். 100 மில்லிலீட்டரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருக்கிறது என்பது அதன் பொருள்.

காலையில் வாவிக் கரையோரம் நடக்கிறேன். மறுகரையான படுவான்கரைக்குப் போகும் படகு புறப்படும் நேரத்தில் கிளம்பினால், அது திரும்பி வரும்போது என் நடை முடியும். வாரத்தில் 150 நிமிடம் சேர்ந்தால் போதும். மூச்சு வாங்க வேண்டும், ஆனால் பேச முடிய வேண்டும், அந்த வேகம்.

புகைப்பவர்களிடம் எனக்கு ஒரே வேண்டுதல்தான்: இதில் எதைச் செய்யாவிட்டாலும் அதை விடுங்கள். எச்.ஐ.வி.யோடு சேரும்போது சிகரட்டும் பீடியும் செய்யும் சேதம் இன்னும் பெரிது. விட்டு ஒரு வருடத்தில், புகையால் கூடிய இதய ஆபத்துப் பாதியாகக் குறைகிறது. வெற்றிலையோடு மெல்லும் புகையிலையையும் விட வேண்டும்.

பிரஷர் சத்தமில்லாமல் ஏறும். தலை இடித்தால்தான் பிரஷர் என்று நினைக்காதீர்கள். கிளினிக்கில் ஐந்து நிமிடம் சும்மா இருந்து, முதுகைச் சாய்த்து, கையை மேசையில் வைத்த பிறகு அளக்கச் சொல்லுங்கள். பஸ்ஸில் இடிபட்டு வந்த உடனே, தேநீர் குடித்த கையோடு அளந்தால் எண் கூடுதலாகத்தான் காட்டும். 140க்கு 90ஐத் தொடர்ந்து தாண்டினால் மருந்து தேவைப்படும். வருடத்துக்கு ஒரு முறையாவது சீனியும் கொலஸ்ட்ரோலும் சிறுநீரகமும் பாருங்கள். “மிஸ், இந்த முறை கொலஸ்ட்ரோலுக்கும் இரத்தம் எடுப்பீர்களா?” என்று கேட்கத் தயங்க வேண்டாம். நான் கேட்டு எவரும் கோபித்ததில்லை.

கடைசியாக ஓர் அண்ணனைப் பற்றி. கிளினிக் வாங்கில் என்னோடு இருப்பவர், கடல் தொழிலாளி. ஓர் இரவு பத்து மணிக்கு அவருக்கு நெஞ்சை அமத்தியது. தாடையும் இடது கையும் கடுத்தன, உடம்பெல்லாம் குளிர்ந்து வியர்த்தது. வாய்வு என்று சோடாவும் ஓமத் தண்ணீரும் குடித்தார். வாய்வு இல்லை என்பது நடுச்சாமத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. இருந்தும் விடியும்வரை வீட்டில் கிடந்தார். வைத்தியசாலையில் என்ன மருந்து போடுகிறாய் என்று கேட்பார்களே, மகன் பக்கத்தில் நிற்பானே என்ற பயம். பிழைத்துவிட்டார். ஆனால் இதயத் தசையில் ஒரு பகுதி செத்துப்போனது. மீன் பெட்டி தூக்க முடியாது.

நெஞ்சு அமத்தினால், காரணமில்லாமல் வியர்த்து மூச்சு முட்டினால், பெண்களுக்குச் சில வேளை வாந்தியும் பெரிய களைப்பும் மட்டுமே வந்தால், 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். ஈ.சி.ஜி. எடுக்கும் வரை வாய்வு என்ற முடிவுக்கு வராதீர்கள். மருந்துப் பட்டியலை இப்போதே ஒரு கடதாசியில் எழுதி, உறைக்குள் போட்டு ஒட்டி, மேலே “டாக்டருக்கு மட்டும்” என்று எழுதி வையுங்கள். அந்த அண்ணன் தன்னுடையதை அடையாள அட்டைக்குப் பின்னால் வைத்திருக்கிறார். என்னுடையது மெஷின் லாச்சியில், பொத்தான் டப்பாவுக்குக் கீழே இருக்கிறது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று மகளுக்குத் தெரியாது. எந்த நேரத்தில் எடுத்து யாரிடம் கொடுக்க வேண்டும் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும்.