கெர்னல் மாறினாலும் டிரைவர் நிற்காமலிருக்க

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்கு வெளியே கம்பைல் செய்யப்படும் (மூல நிரலிலிருந்து உருவாக்கப்படும்) டிரைவர், அதாவது வன்பொருளை இயக்கும் நிரல், எந்தக் கெர்னல் பதிப்புக்காக உருவானதோ அதில் மட்டுமே ஏறும் என்பதால், புதுப்பிப்புக்குப் பின் வைஃபை காணாமல் போவதில் வியப்பில்லை. லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனில் இதற்கு வழி, புதிய கெர்னல் வரும்போது டிரைவரைத் தானாக மீண்டும் கம்பைல் செய்யும் டிகேஎம்எஸ் என்னும் கருவி; டெல் நிறுவனம் உருவாக்கியது.

முதலில் டிகேஎம்எஸ் பேக்கேஜையும் லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஏஎம்டி64 என்னும் பேக்கேஜையும் நிறுவுங்கள்; குறிப்பிட்ட ஒரு பதிப்பின் ஹெடர்களை (கம்பைல் செய்யத் தேவையான கெர்னல் கோப்புகளை) மட்டும் நிறுவினால், அடுத்த கெர்னலுக்கு உரியவை தாமாக வந்து சேராமல் எல்லாம் அங்கேயே நின்றுவிடும். பலரும் சறுக்கும் இடம் இதுதான்.

டிரைவரின் மூல நிரலை யூஎஸ்ஆர் அடைவிலுள்ள எஸ்ஆர்சிக்குள், பெயரையும் பதிப்பையும் இடைக்கோட்டால் இணைத்த துணை அடைவில் வையுங்கள். அதிலுள்ள டிகேஎம்எஸ்.கான்ஃப் கோப்பில் ஆட்டோஇன்ஸ்டால் என்பதற்கு 'யெஸ்' என்ற மதிப்பு இருக்க வேண்டும். இந்த ஒரு வரி விடுபட்டால், கையால் கம்பைல் செய்வது ஒழுங்காக நடக்கும், தானாக நடக்க வேண்டியது மட்டும் நடக்காது. பிறகு ரூட் உரிமையுடன் டிகேஎம்எஸ் கட்டளையை ஆட், பில்ட், இன்ஸ்டால் என்ற வரிசையில் இயக்கி, ஸ்டேட்டஸ் கொண்டு சரிபாருங்கள்.

நம்பகமான கையொப்பம் இல்லாத டிரைவர்களைத் தடுக்கும் செக்யூர் பூட் இயங்கும் கணினியில், டிகேஎம்எஸ் டிரைவருக்குக் கையொப்பமிடும் சாவியை மோக்யூடில் என்னும் கருவி வழியாக ஒருமுறை பதிந்து, மறுதொடக்கத்தின்போது ஒப்புதலும் தர வேண்டும்.

கம்பைல் தோற்றால், கம்பைல் விவரங்கள் பதிவாகும் மேக்.லாக் கோப்பின் கடைசி வரிகளை விட்டுவிட்டு முதல் பிழைச் செய்தியைத் தேடுங்கள்; புதிய கெர்னலுக்கு ஏற்ற மூல நிரல் கிடைக்கும்வரை, நீக்காமல் வைத்திருக்கும் பழைய கெர்னலை, கணினி தொடங்கும்போது வரும் கிரப் பட்டியலிலிருந்து தேர்ந்து இயக்கலாம்.