அரிசியை விட்டேன், அளவை விடவில்லை: ஆரோக்கியச் சாப்பாட்டில் நாம் செய்யும் தவறுகள்

போன வருடம் ஆடி மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் எனக்கு எச்பிஏ1சி 6.1 என்று வந்தது. மூன்று மாதச் சராசரி சர்க்கரை என்று சொல்வார்களே, அதுதான். 5.7-க்குக் கீழே இருந்தால் நிம்மதி, 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை நோய், நடுவில் இருப்பவர்கள் எல்லாம் வாசற்படியில் நிற்பவர்கள். விஷயம் தெரிந்த அன்றே வீட்டில் பெரிய புரட்சி நடந்தது. பொன்னி அரிசி மூட்டை சித்தப்பா வீட்டுக்குப் போனது, சாமை, தினை, வரகு, குதிரைவாலி எல்லாம் கிலோ கணக்கில் வந்து இறங்கின, வெள்ளைச் சர்க்கரை டப்பாவில் நாட்டுச்சர்க்கரை ஏறியது, தூள் உப்பு போய் இந்துப்பு வந்தது. மளிகை பில் மட்டும் கிட்டத்தட்ட இரட்டிப்பு. மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்தால் 6.3.

இவ்வளவு செய்தும் ஏறியிருக்கிறதே என்று டயட்டீஷியனிடம் போய்ப் புலம்பினேன். அவர் எந்தப் பட்டியலும் கொடுக்கவில்லை. "ஒரு வாரம் எதையும் மாத்தாதீங்க சார். சாப்பிடுறதை எடை போட்டு எழுதிட்டு மட்டும் வாங்க" என்றார். சமையலறைத் தராசு ஒன்று வாங்கினேன், சின்னதுதான். அந்த ஒரு வாரத்தில் தெரிந்துகொண்டது, அதற்கு முன் மூன்று மாதமாக யூடியூபில் பார்த்ததைவிட அதிகம். நான் செய்த தவறுகளைத்தான் இங்கே எழுதுகிறேன், பெரும்பாலும் உங்கள் வீட்டிலும் இதுவேதான் நடந்துகொண்டிருக்கும்.

முதல் தவறு, பொருளை மாற்றிவிட்டு அளவைக் கூட்டுவது. அரிசிச் சோறு சாப்பிட்ட காலத்தில் மதியம் என் தட்டில் 300 கிராம் போல விழும். சாமைக்கு மாறியதும் அது 420 கிராம் ஆகியிருந்தது, தராசு காட்டும் வரை எனக்கே தெரியாது. "சாமைதானப்பா, இன்னும் ரெண்டு கரண்டி போட்டுக்கோ, ஒண்ணும் பண்ணாது" என்று அம்மா போடுவாள், நானும் வேண்டாம் என்று சொல்லமாட்டேன், நல்ல பொருள்தானே. ஆனால் வேகவைக்காத 100 கிராம் அரிசியில் சுமார் 78 கிராம் மாவுச்சத்து என்றால் சாமையில் சுமார் 65 கிராம். நார்ச்சத்து கூடுதல், அது உண்மையான லாபம்தான், ஆனால் அந்தச் சின்ன வித்தியாசத்தை இரண்டு கரண்டி அதிகச் சோறு தின்றுவிடும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) நடத்தும் இந்தியாப் (INDIAB) என்கிற சர்க்கரை நோய் ஆய்வு 2025-ல் வெளியிட்ட முடிவும் இதைத்தான் சொல்கிறது. இந்தியர்களின் அன்றாடக் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது. மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் அரிசிக்குப் பதில் கோதுமை, சிறுதானியம் என்று மாற்றுவதால் மட்டும் சர்க்கரை நோய் ஆபத்து குறைந்ததாகத் தெரியவில்லை. சப்பாத்திக்கு மாறிவிட்டேன் என்று ராத்திரி ஐந்து சப்பாத்தியும் உருளைக்கிழங்கு குருமாவும் சாப்பிடுகிறவர்கள் இதை இரண்டு முறை படிக்கலாம்.

சிறுதானியத்தை நான் குறை சொல்லவில்லை. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது, வேறெந்தத் தானியமும் பக்கத்தில் வராது. அதை மாவாக்கி, கஞ்சியாகக் கரைத்து, கருப்பட்டி போட்டு, காலையில் ஒரு பெரிய டம்ளர் குடித்துவிட்டு அது சர்க்கரையை ஏற்றாது என்று நம்புவதைத்தான் சொல்கிறேன். மெல்ல வேண்டிய வேலையே இல்லாமல் உள்ளே இறங்கும் எதுவும் வேகமாகத்தான் ரத்தத்தில் சேரும். அப்புறம், கடையில் பளபளவென்று வெள்ளையாக விற்கும் சாமையும் தினையும் நன்றாகத் தீட்டப்பட்டவை, தவிட்டோடு நார்ச்சத்தில் கணிசமான பகுதி ஏற்கெனவே போயிருக்கும். கொஞ்சம் மங்கலான நிறத்தில் இருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது எனக்குக் கொஞ்சம் அதிர்ச்சியான விஷயம். தினமும் சாம்பார் சாப்பிடுகிறோம், புரதத்துக்கு என்ன குறை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் நான்கு பேருக்கு ஒரு நாள் சாம்பாருக்குப் போடுவது 100 கிராம் துவரம்பருப்பு. அதில் புரதம் சுமார் 22 கிராம். நான்கு பேர், இரண்டு வேளை என்று பிரித்தால் ஆளுக்கு ஒரு வேளைக்கு மூன்று கிராம்கூடத் தேறாது, மீதி எல்லாம் புளித்தண்ணீரும் முருங்கைக்காயும்தான். உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும் என்பது ஐ.சி.எம்.ஆர். கணக்கு, 70 கிலோ இருக்கும் எனக்கு 58 கிராம். என் நோட்டில் ஒரு நாள்கூட 40-ஐத் தாண்டவில்லை. புரதம் குறைந்தால் பசி சீக்கிரம் வரும், நான்கு மணிக்கு முறுக்கு டப்பா தன்னால் திறக்கும். இப்போது மாலையில் சுண்டல், காலையில் இரண்டு முட்டை, மதியம் ஒரு கிண்ணம் கெட்டித் தயிர், சாம்பாரில் பருப்பு ஒன்றரை மடங்கு. இதற்குப் பவுடர் டப்பா எதுவும் வாங்கவில்லை.

இதோடு சேர்ந்த இன்னொன்று, சாப்பிடும் வரிசை. கல்யாணப் பந்தியில் கூட்டு, பொரியல், பச்சடி எல்லாம் முதலில் வந்துவிடும், நாமோ சோறு வரும் வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். காயும் பருப்பும் முதலில் உள்ளே போய், அப்புறம் சோறு போனால் சாப்பாட்டுக்குப் பிறகு சர்க்கரை ஏறும் வேகம் குறையும். பைசா செலவில்லாத வேலை. வீட்டில் செய்ய முதல் ஒரு வாரம் விசித்திரமாக இருக்கும், வெறும் பொரியலை ஏன் தின்கிறாய் என்று கேட்பார்கள், அவ்வளவுதான்.

சரி, எண்ணெய்க்கு வருவோம். நம் ஊரில் எண்ணெயைப் பற்றி நடக்கும் சண்டை முழுக்க எந்த எண்ணெய் என்பதுதான். செக்கு நல்லெண்ணெயா, கடலையெண்ணெயா, ரீஃபைண்டா என்று குடும்ப வாட்ஸாப் குரூப்பில் பெரியப்பா ஒரு பக்கம், மாமா ஒரு பக்கம். எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. ஒரு நாள் அடுப்பங்கரையில் நின்று அம்மா தோசை ஊற்றுவதைப் பார்த்தேன். மாவை ஊற்றி வட்டமாகத் தேய்த்ததும் ஓரத்தைச் சுற்றி ஒரு ஸ்பூன், திருப்பிப் போட்டதும் இன்னொரு ஸ்பூன். அந்த ஓசை கேட்டால்தான் அவளுக்குத் தோசை. ஒரு டீஸ்பூன் எண்ணெய் நாலரை கிராம், மூன்று தோசைக்கு ஆறு ஸ்பூன், ஆக 27 கிராம். ஒரு ஆளுக்கு ஒரு நாள் முழுக்க 20 முதல் 30 கிராம்தான் என்கிறார்கள், நான் காலை எட்டரை மணிக்கே கணக்கை முடித்துவிட்டேன், சட்னித் தாளிப்பு தனி. செக்கில் ஆட்டினாலும் எதில் ஆட்டினாலும் ஒரு கிராம் எண்ணெய்க்கு 9 கலோரிதான். உங்கள் வீட்டு நிலவரம் தெரிய தராசுகூட வேண்டாம், மாதம் எத்தனை லிட்டர் வாங்குகிறீர்கள் என்று பாருங்கள். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மூன்று லிட்டரைச் சுற்றி இருந்தால் பரவாயில்லை. எங்கள் வீட்டில் ஐந்தரை.

அப்பளம் பொரித்த எண்ணெயை அடுத்த வாரம் வடைக்கு, அதற்கடுத்த வாரம் பூரிக்கு என்று வைத்துக்கொள்வதும் வேண்டாம். வடிகட்டி ஒன்றிரண்டு நாளில் தாளிப்புக்குப் பயன்படுத்தித் தீர்த்துவிடலாம், மறுபடி பொரிக்கக் கூடாது. சின்ன வாணலியில் கொஞ்சமாக எண்ணெய் வைத்துப் பொரித்தால் இந்தப் பிரச்சினையே வராது.

நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன் மூன்றுக்கும் நம் மனதில் சன்னதி உண்டு. நானும் கும்பிட்டவன்தான், அதனால்தான் காபிக்கு ஒன்றரை ஸ்பூன் போட்ட இடத்தில் இரண்டு ஸ்பூன் நாட்டுச்சர்க்கரை போட்டேன், இனிப்பு கம்மியாக இருந்ததே. ஒரு நாளைக்கு நான்கு காபி, ஸ்பூனுக்கு 5 கிராம் என்றால் 40 கிராம். ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிற கணக்கில், தேனையும் பழச்சாற்றையும்கூடச் சர்க்கரைப் பட்டியலில்தான் உலக சுகாதார நிறுவனம் சேர்க்கிறது. வெல்லத்தில் கொஞ்சம் இரும்பு இருக்கிறது, உண்மை, ஆனால் அந்த இரும்புக்காக வெல்லம் சாப்பிடுவது நகைக்கடைக்குக் காலண்டர் வாங்கப் போவது மாதிரி. பழத்தை மிக்ஸியில் அடித்து வடிகட்டுவதும் இதே ரகம். நான்கு சாத்துக்குடியை உட்கார்ந்து உரித்துச் சாப்பிட யாருக்கும் பொறுமை இருக்காது, ஜூஸாக்கினால் ஒரே மடக்கு. எனக்கு வேலை செய்த வழி, வாரத்துக்குக் கால் ஸ்பூன் குறைத்தது. ஒரேயடியாக நிறுத்திய இரண்டு முறையும் நான்காம் நாளே தோற்றேன். இப்போது வெளியே கடைக் காபி குடித்தால் பாயசம் மாதிரி இருக்கிறது.

காபி, டீயை டிபனோடு சேர்த்துக் குடிப்பதையும் சொல்லிவிடுகிறேன். அதில் உள்ள டானின், சாப்பாட்டில் இருக்கும் இரும்புச்சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், உடம்பில் சேரவிடாது. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் இடைவெளி விடச் சொல்கிறது ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டி. நாட்டில் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை இருக்கிறது என்று தேசியக் குடும்பநல ஆய்வு சொல்லும்போது, முருங்கைக்கீரை அடையைச் சாப்பிட்டுவிட்டு அதன் மேலேயே டிகிரி காபியை ஊற்றுவதில் அர்த்தமில்லை. அதற்குப் பதில் எலுமிச்சையோ நெல்லிக்காயோ அந்த வேளையில் சேர்த்தால் இரும்பு நன்றாகச் சேரும்.

இந்துப்பு? அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான், நிறம் வேறு, விலை வேறு. அயோடின் சேர்த்த உப்பை விட்டுவிட்டு அதற்கு மாறியது நான் செய்ததிலேயே அசட்டு வேலை. உப்பு ஒரு நாளைக்கு 5 கிராம், ஒரு டீஸ்பூன் அளவு. அதைக் காலி செய்வது குழம்பில் போடும் உப்பு மட்டுமில்லை, ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு, மிக்சர் எல்லாம் சேர்ந்துதான். தயிர்சாதத்துக்கு ஊறுகாய் வேண்டாம் என்று உங்களிடம் சொல்ல எனக்கு மனசு வராது, ஆனால் விரலால் தொட்டுக்கொள்வதற்கும் ஸ்பூனால் அள்ளிப் போட்டுக்கொள்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

சாப்பாட்டைத் தாண்டி நான் செய்த பெரிய தவறு, எல்லாவற்றையும் திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போட்டது. புதன்கிழமை ஆபீசில் யாரோ பிறந்தநாள் கேக் வெட்டுவார்கள், ஒரு துண்டு சாப்பிடுவேன், சரி இந்த வாரம் போச்சு, திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று அன்று ராத்திரியே பரோட்டா. கேக் துண்டு ஒன்றும் பண்ணவில்லை, அதற்கப்புறம் வந்த நான்கு நாள்தான் பண்ணியது. இப்போது விதி ஒன்றுதான், அடுத்த வேளை பழைய தட்டுக்குத் திரும்ப வேண்டும். கல்யாணத்தில் ஜாங்கிரி சாப்பிட்டேன் என்றால் சாப்பிட்டேன், அவ்வளவுதான். இன்னொன்று, அந்த மூன்று மாதமும் போகிற விசேஷத்தில் எல்லாம் பக்கத்து இலைக்காரருக்கு மைதாவின் தீமைகளை விளக்கிக்கொண்டிருந்தேன். என் அக்கா மகன் என்னைக் கண்டால் பிஸ்கெட்டை ஒளித்துவைக்க ஆரம்பித்த அன்று நிறுத்தினேன்.

தூக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ராத்திரி பன்னிரண்டரை வரை போன், காலை ஐந்தரைக்கு வாக்கிங் என்று ஐந்து மணி நேரத் தூக்கத்தில் ஆரோக்கியம் தேடினால் அடுத்த நாள் முழுக்க இனிப்புக்கும் வறுத்ததுக்கும் வாய் ஊறும், ஏழு மணி நேரமாவது வேண்டும்.

நடைக்கும் இதே கதைதான். ஒரு நாளைக்குப் பத்தாயிரம் அடி நடந்தால்தான் கணக்கு என்று நினைத்து, ஏழாயிரத்தில் நிற்கும் நாளில் மனசு உடைந்து போய்விடுவேன். அந்தப் பத்தாயிரம் 1965-ல் ஜப்பானில் விற்ற ஒரு நடைமானியின் பெயரிலிருந்து வந்தது, மான்போ-கேய் என்றால் பத்தாயிரம் அடி அளக்கும் கருவி என்று அர்த்தம். விளம்பரத்துக்கு வைத்த எண்ணுக்காக நான் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன். இப்போது ராத்திரி எட்டு மணிக்குள் டிபனை முடித்துவிட்டுப் பதினைந்து நிமிடம் தெருவில் நடக்கிறேன். சாப்பிட்ட உடனே நடந்தால் காலில் உள்ள தசைகள் அந்தச் சர்க்கரையை எடுத்துச் செலவழித்துவிடும், அதிகாலையில் வெறும் வயிற்றில் நடப்பதற்கு இல்லாத லாபம் இது.

முதல் வாரம் தனியாகப் போனேன். அப்புறம் அம்மாவும் வர ஆரம்பித்தாள், பிள்ளையார் கோயில் வரை போய்த் திரும்புவோம், பாதித் தூரம் பேச்சு முழுக்க நாளைக்கு என்ன சமையல் என்பதுதான். தோசைக்கு ஒரு ஸ்பூன் போதும் என்று அவளை ஒப்புக்கொள்ள வைத்தது அந்தத் தெருமுனையில்தான், இரண்டு வாரம் ஆனது. போன மாதம் எடுத்ததில் 5.9. எல்லாம் சாமையின் மகிமை என்று அம்மா ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.